கினிப்பிக்குக்கு வயதாகிக் கால் தளர்ந்தால்: கேள்வி பதில்

கொக்குவிலில் இருந்து: அக்கா, எங்கள் கினிப்பிக்குக்கு 6 வயது. கொஞ்ச நாளாகப் பின்னங்காலை இழுத்து நடக்கிறது. "வயசு போனால் அப்படித்தான்" என்கிறார் அப்பா. சாப்பாடு முயல் தீனும் கொஞ்சம் புல்லும்.

அப்பா சொல்வது பாதி சரி, தங்கச்சி. கினிப்பிக் பொதுவாக 5 முதல் 8 ஆண்டு வரை வாழும். அதனால் மூட்டுத் தேய்வு இருக்கக்கூடும். ஆனால் எனக்கு முதலில் உறுத்துவது அந்த முயல் தீன். முயலின் உடம்பு வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளும். கினிப்பிக்கால் அது முடியாது, நமக்கும் முடியாது. முயல் தீனை நம்பி வளர்த்தால் அந்தச் சத்து போதாமல் போகும். மூட்டு வீங்கும், தூக்கினாலே கத்தும், மயிர் சிலிர்த்து நிற்கும், முரசில் இரத்தம் கசியும். பார்க்கிறவர்களுக்கு இது முதுமை மாதிரியே தெரியும். ஆனால் நேரத்தோடு கவனித்தால் தேறிவிடும்.

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வைட்டமின் சி தேவை. சிவப்புக் குடைமிளகாயில் இரண்டு விரல் அகலத் துண்டு தினமும் கொடுங்கள். இடைக்கிடை சிறு துண்டு கொய்யாப்பழம், கொஞ்சம் கொத்தமல்லி இலை. தண்ணீர்ப் போத்தலில் மாத்திரை கரைக்க வேண்டாம். வெளிச்சத்தில் சத்து கெட்டுவிடும், சுவை பிடிக்காவிட்டால் தண்ணீர் குடிப்பதும் குறையும். பல சத்து கலந்த மாத்திரையும் வேண்டாம், அதில் உள்ள வைட்டமின் டி கூடினால் கேடு.

இதைத் தொடங்கிவிட்டு இந்தக் கிழமைக்குள் கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். சிறுநீர்ப்பைக் கல்லின் வலியிலும் கூனிக்கொண்டு நடக்க மறுக்கும். சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, இரண்டு பின்னங்காலும் திடீரென விழுந்தாலோ அன்றே போக வேண்டும்.

நீர்வேலியில் இருந்து: வலிக்குப் பனடோலில் கால் துண்டு கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி. மூட்டு வலிக்கு வைத்தியர்கள் பெரும்பாலும் மெலொக்சிகாம் என்ற மருந்தை எடை பார்த்துத் தருவார்கள். வீட்டில் மிஞ்சிய அமொக்சிசிலினையும் தொடாதீர்கள். அது கினிப்பிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும்.

சாவகச்சேரியில் இருந்து: கம்பிவலைத் தட்டுள்ள கூடு. உள்ளங்கால் சிவந்து வீங்கியிருக்கிறது.

கம்பி மேல் இன்றே பலகை போட்டு, அதன் மேல் பழைய துவாயை இரண்டாக மடித்து விரியுங்கள். சாரத் துணியும் நல்லதுதான், நூல் பிரிந்து காலில் சுற்றாமல் பாருங்கள். கால் தளர்ந்த பிராணி ஒரே இடத்தில் அதிக நேரம் இருக்கும், தன் சிறுநீரிலேயே இருக்கும். அதனால் காலையும் மாலையும் துணி மாற்ற வேண்டும். அப்புறம் நகத்தைப் பாருங்கள், நீண்டு வளைந்திருந்தால் பாதம் சரியாகப் பதியாது. புண் உடைந்தாலோ கறுப்புப் பொருக்குக் கட்டினாலோ வைத்தியர்தான். கிருமி எலும்பு வரை போகக்கூடியது.

பருத்தித்துறையில் இருந்து: நடக்க முடியாத கினிப்பிக்கின் பின்பக்கம் எப்போதும் ஈரம், இலையான் மொய்க்கிறது.

இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். இலையான் முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்து தோலைத் தின்னத் தொடங்கும். நடக்க முடியாததால் கினிப்பிக் தன்னைத் துப்புரவாக்க முடியாமல் கிடக்கிறது. இளஞ்சூட்டு நீரில் பின்பக்கத்தை மட்டும் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, அங்குள்ள மயிரைக் கத்தரியுங்கள். கூட்டை நுளம்பு வலையால் மூடுங்கள். வயதான ஆண் என்றால் ஆசனவாய்ப் பையில் மென்மையான எச்சம் அடைத்துக்கொள்வதும் உண்டு. அதை எடுக்கும் முறையை வைத்தியரிடம் நேரில் பழகுங்கள். ஒரு புழுவைக் கண்டாலும் உடனே புறப்படுங்கள்.

மானிப்பாயில் இருந்து: எங்களுடையதுக்கும் நடக்க முடியாது. வெயில் காலத்தில் என்ன செய்வது?

நம் சித்திரை வெயில் இளம் கினிப்பிக்குக்கே ஆபத்து. நடக்கக்கூடியது நிழலுக்கு நகர்ந்துவிடும், உங்களுடையது நகராது. காலையில் நிழலாக இருந்த மூலைக்கு மத்தியானம் வெயில் வருகிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள் சீமெந்துத் தரை அறைதான் நல்லது. குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். தண்ணீரும் தீனும் எழும்பாமலே எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

வேலணையில் இருந்து: நேற்று இரவிலிருந்து சாப்பிடவில்லை. நாளைக்குக் காட்டலாமா?

இன்றே, ஐயா. அதன் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியது, நின்றால் உயிருக்கே ஆபத்து. கிழமைக்கு ஒருதரம் சமையல் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். வலியை மறைப்பது அதன் இயல்பு, எடை குறைவதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

சுன்னாகத்தில் இருந்து: தோட்ட வரம்புப் புல் வெட்டிப் போடலாமா அக்கா?

வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மருந்து அடிக்கும் தோட்டம் என்றால் கூடாது. வளவில் வளரும் கினிப்புல்லும் அறுகும் போதும். கினிப்புல்லில் கொஞ்சத்தை நிழலில் காயவைத்து எடுத்து வையுங்கள். மாரியில் ஈரப் புல் பூஞ்சணம் பிடிக்கும்போது கைகொடுக்கும்.