ஆஸ்பத்திரில யாருக்கு என்ன பொறுப்பு? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

டெல்டா பக்கத்து கவர்மெண்ட் ஆஸ்பத்திரிகள்லயே 31 வருஷம் ஓட்டிட்டு நர்சிங் சூப்ரண்டா ரிட்டயர் ஆனவ நான். வக்கீல் இல்ல. ஆனா கோர்ட்டுல சாட்சி சொல்ல அஞ்சாறு தடவ ஏறி எறங்கிருக்கேன், அதுல கத்துக்கிட்டதுதான் பாதி.

மன்னார்குடி தம்பி: சிஸ்டர், போன மாசம் வயல்ல களை பறிச்சிட்டிருந்த எங்க சித்திய பாம்பு கடிச்சிட்டு. பக்கத்துல இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போனா, பாம்புக்கடிலாம் போலீஸ் கேஸு, பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்கன்னு வாசல்லயே திருப்பிட்டாங்க. சித்தி பொழச்சிட்டாங்க. ஆனா அவங்க பண்ணது சரியா?

சரியே இல்ல தம்பி. 1989லயே சுப்ரீம் கோர்ட்டு பரமானந்த் கடாரா கேஸ்ல தெளிவா சொல்லிட்டு. ஸ்கூட்டர்ல போன ஒருத்தர கார் இடிச்சி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனா, மெடிகோ லீகல் கேஸ், அதான் போலீசுக்கு தெரிவிக்க வேண்டிய கேஸு, நாங்க பாக்குறதில்லன்னு 20 கிலோமீட்டர் தள்ளி இருக்குற இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க, அவரு வழியிலயே போயிட்டாரு. அதுலேர்ந்து கவர்மெண்டோ பிரைவேட்டோ எந்த டாக்டரும் உயிரக் காப்பாத்துற வைத்தியத்த மொதல்ல பண்ணணும், போலீஸ் பேப்பரெல்லாம் அப்பறம்தான். தன்கிட்ட விஷமுறிவு ஊசி இல்லன்னா அனுப்பலாம், அது தப்பில்ல. ஆனா மூச்சு எப்படி இருக்குன்னு பாத்து, நரம்புல ஒரு லைன் போட்டு, எத்தன மணிக்கு கடிச்சிது, நாம என்ன குடுத்தோம்னு சீட்டுல எழுதி, முடிஞ்சா அங்க ஒரு போனும் போட்டுட்டு அனுப்பணும். வாசல்லயே கைய காட்டுறதுக்கு பேரு ரெஃபரல் இல்ல, அதாவது முறையா வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புறது இல்ல.

இன்னொண்ணு, 2024 நவம்பர்லேர்ந்து தமிழ்நாட்டுல பாம்புக்கடிய கட்டாயம் அரசுக்கு தெரிவிக்கணும்னு ஆக்கிட்டாங்க, அது தனியார் ஆஸ்பத்திரிக்கும் சேத்துதான். நர்ஸ் பசங்களுக்கு ஒண்ணு சொல்றேன், கட்டுவிரியன் கடிச்சா கடிவாய்ல வீக்கமும் இருக்காது வலியும் பெருசா இருக்காது, நல்லாத்தானே பேசுறாங்கன்னு விட்டுட்டா விடியறதுக்குள்ள இமை தொங்கி மூச்சு நின்னுடும். அடிக்கடி போயி கண்ணப் பாருங்க, பாத்த நேரத்த எழுதுங்க.

கும்பகோணம், தனியார் ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ்: நைட்டு டாக்டர் போன்லயே டோஸ் சொல்றாரு மேடம். காலைல ஏதாச்சும் ஆனா, நான் அப்படி சொல்லவே இல்லங்குறாரு. என்ன பண்றது?

இது ஊரு பூரா நடக்குறதுதாம்மா. அவரு சொன்னத அப்படியே திருப்பி சொல்லுங்க, சரின்னு அவரு வாயால வரணும். உடனே கேஸ் ஷீட்டுல நேரம் போட்டு, போன்ல சொன்னதுன்னு எழுதி, பக்கத்துல இன்னொரு ஸ்டாஃப் இருந்தா அவங்களையும் கையெழுத்து போட சொல்லுங்க, காலைல ரவுண்ட்ஸ் வந்ததும் மொத வேலையா டாக்டர் கையெழுத்து. டோஸ் தப்புன்னு தோணுச்சுன்னா குடுக்காதீங்க, டாக்டர் சொன்னாருன்னு குடுத்தேன்னு சொன்னா கோர்ட்டு உங்கள விட்டுடாது. தப்பா எழுதிட்டா ஒயிட்னர் வேணாம், ஒரே கோடு போட்டு அடிச்சி பக்கத்துல சரியானத எழுதி இனிஷியல் போடுங்க.

நானும் உத்தமி இல்ல. சேந்த புதுசுல ஒரு நைட்டு டூட்டி, 40 பெட்டுக்கு நான் ஒருத்தி. 6 மணி டெம்பரேச்சர எல்லாருக்கும் நாலு மணிக்கே குத்துமதிப்பா எழுதி வச்சிட்டேன். அதுல ஒரு அம்மாவ அஞ்சு மணிக்கே தியேட்டருக்கு கொண்டு போயிட்டாங்க, சார்ட்டுல மட்டும் 6 மணிக்கு வார்டுல 98.6ன்னு சமத்தா இருக்கு. ஹெட் சிஸ்டர் திட்டக்கூட இல்ல, சார்ட்ட என் கையில குடுத்துட்டு போயிட்டாங்க. இன்னிக்கும் அது உறுத்துது.

பட்டுக்கோட்டை: அப்பா கேஸ் ஷீட் காப்பி கேட்டா, ஆஸ்பத்திரி சொத்து தரமுடியாதுங்குறாங்க.

ஷீட்டு அவங்களோடதுதான், காப்பி உங்களுக்கு உண்டு. 2002 மெடிக்கல் கவுன்சில் விதிப்படி எழுதி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள தரணும். எழுதி குடுத்து, வாங்கிக்கிட்டோம்னு ஒரு சீல் வாங்கிக்கோங்க, வாய்ல கேட்டா கணக்குல வராது. விபத்து கேஸுன்னா ஏ.ஆர். (ஆக்சிடெண்ட் ரிஜிஸ்டர்) காப்பியும் மறக்காம கேளுங்க, இன்ஷூரன்ஸுக்கு அது வேணும்.

திருவாரூர்: பில்லு கட்டலன்னு பெரியப்பா பாடிய ஒரு நாள் பூரா தரல.

பாக்கிக்கு பொணத்தையோ ஆளையோ பிடிச்சி வைக்க யாருக்கும் உரிமை இல்ல. பணம் வேணும்னா அவங்க சிவில் கேஸ் போட்டு வாங்கிக்கட்டும். இனிமே அப்படி நடந்தா சண்டைக்கு நிக்காம போலீசுக்கு போன் போடுங்க. ஆனா பில்லு இல்லன்னு ஆயிடாது, அது கட்ட வேண்டியதுதான்.

மயிலாடுதுறை: என் ஒய்ஃபுக்கு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், நான் துபாய்ல இருக்கேன். புருஷன் கையெழுத்து இல்லாம பண்ணமாட்டோம்னு சொல்றாங்க.

தேவையே இல்ல சார். விவரம் தெரிஞ்ச பெரிய மனுஷி, அவங்க உடம்பு, அவங்க கையெழுத்து போதும். ஒரு பொண்ணு சோதனைக்கு வந்து மயக்கத்துல இருக்கும்போது அவங்க அம்மாகிட்ட கையெழுத்து வாங்கி கர்ப்பப்பைய எடுத்த கேஸ்லதான் 2008ல சுப்ரீம் கோர்ட்டு டாக்டர கண்டிச்சிது. ஒரு சோதனைக்கு குடுத்த சம்மதம் ஆபரேஷனுக்கு செல்லாது, உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் வேற கதை.

வேதாரண்யம்: தம்பி பூச்சிமருந்து குடிச்சிட்டான், இப்ப பரவால்ல. போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து டாக்டர்கிட்ட வயித்துவலின்னு சொல்லிட்டோம். தப்பா?

தப்புங்க, பெரிய தப்பு. எந்த மருந்துன்னு தெரிஞ்சாதான் அதுக்கு முறிவு குடுக்க முடியும், டப்பாவையே கையோட எடுத்துட்டு போகணும். இப்பவாச்சும் டாக்டர்கிட்ட போயி உண்மைய சொல்லிடுங்க. போலீசுக்கு தகவல் குடுக்குறது ஆஸ்பத்திரி கடமை, குடுத்துதான் ஆவாங்க, ஆனா அதுக்காக தம்பிய ஜெயில்ல போடப்போறதில்ல. 2017 மனநலச் சட்டம் 115வது பிரிவு, அப்படி பண்ணவங்கள கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்களாதான் பாக்கணும்னு சொல்லுது. தற்கொலைக்கு முயற்சி பண்றத குத்தம்னு சொன்ன பழைய ஐபிசி 309ம் 2024 ஜூலையோட போயிட்டு. இப்ப அவனுக்கு வேண்டியது மனநல டாக்டரு, வீட்டுல மருந்துகள பூட்டி வைங்க, அவனோட கூட இருங்க, ராத்திரி பயமா இருந்தா 104 அரசு ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணுங்க. வார்டுல அவன கேலி பேசுற ஸ்டாஃப் இருந்தா எனக்கு அதுதான் கோவம் வரும்.

திருவையாறு: கொழந்தைய காட்ட ஆயாம்மா 500 கேட்டுச்சி, ஆம்பளப் புள்ளன்னா 1000மாம்!

ரேட்டு ஏறிட்டு போல. ஆர்.எம்.ஓ.கிட்ட, அதான் ஆஸ்பத்திரி நிர்வாகத்த பாக்குற டாக்டர்கிட்ட, எழுதி குடுங்க, கேக்கலன்னா லஞ்ச ஒழிப்புக்கு. 2018லேர்ந்து குடுக்குறவரும் குத்தவாளி, வேற வழியில்லாம குடுத்தீங்கன்னா ஏழு நாளைக்குள்ள புகார் பண்ணிடணும்.

பாபநாசம், லேப் டெக்னீஷியன்: எங்க தெருக்காரர் ஒருத்தருக்கு எச்ஐவி பாசிட்டிவ். அவர் ஒய்ஃபுக்கு தெரியாதுன்னு நெனைக்கிறேன், நான் சொல்லலாமா?

மனசு பதறுதுன்னு புரியுது, ஆனா நீங்க வாயத் தொறக்கக் கூடாது. 2017 எச்ஐவி சட்டப்படி டாக்டரோ கவுன்சிலரோ மட்டும்தான், அதுவும் மொதல்ல அவரையே சொல்ல சொல்லி பாத்து, சொல்லமாட்டாருன்னு தெரிஞ்சி, நாங்க சொல்லப்போறோம்னு அவருக்கும் தெரிவிச்சிட்டுதான் மனைவிக்கு சொல்லலாம். நீங்க ஐசிடிசி (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனை மையம்) கவுன்சிலர்கிட்ட போயி ஒங்க கவலைய சொல்லுங்க, அதோட விட்ருங்க. வீட்டுல கூட பேசாதீங்க, நம்ம தெருவுல ஒரு காதுக்கு போனா காவேரில தண்ணி வந்த மாதிரி கடமடை வரைக்கும் போயிடும்.

நாகப்பட்டினம்: டாக்டர் கவனக்குறைவால எங்களுக்கு நஷ்டம், எங்க போறது?

காசு வாங்குன ஆஸ்பத்திரின்னா மாவட்ட நுகர்வோர் கமிஷன், ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும். எல்லாருக்குமே இலவசமா பாக்குற ஆஸ்பத்திரின்னா அங்க செல்லாது. டாக்டர் நடத்தைய பத்தின்னா தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில். தயவுசெஞ்சி ஆள் தெரட்டிட்டு போயி கண்ணாடிய ஒடைக்காதீங்க, 2008 தமிழ்நாடு சட்டப்படி கொறஞ்சது மூணு வருஷம் ஜெயிலு, ஒங்க பக்கம் இருந்த நியாயமும் அதோட போயிடும்.

மிச்ச கேள்விய நாளைக்கு பாக்குறேன், நடவு ஆளுங்க டீக்கு வந்துட்டாங்க.