அந்தக் கொடை வாரத்தை ஏன் மறைத்தீர்கள், அண்ணாச்சி?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். தம்பி இரண்டு மாதமாக எதிலும் பிடிப்பில்லாமல் படுத்தே கிடக்கிறான். பாளையங்கோட்டை டாக்டர் மன அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தார். போன தடவை, ‘மனம் ஒரு சமயம் அளவுமீறி எழும்பி, இன்னொரு சமயம் விழுந்துவிடும் பைபோலாராகவும் இருக்கலாம்’ என்றார். அதில் இரண்டாம் வகை லேசானதாமே, இவனுக்கு அதுதானே இருக்கும்? ஆடி மாதக் கோயில் கொடைத் திருவிழா சமயத்தில்கூட நன்றாகத்தான் இருந்தான். ஒரு வாரம் ராத்திரிக்கு இரண்டு மணி நேரம்தான் தூக்கம், ஆனாலும் அசரவில்லை. தென்காசியில் கிளை போட அட்வான்ஸே கொடுத்துவிட்டு வந்தான். நல்ல நேரம்தானே என்று அதை டாக்டரிடம் சொல்லவில்லை.

பதில்: அண்ணாச்சி, கொடைக்கு ஊரே கண் விழிக்கும், சரி. மறுநாள் மத்தியானம் ஊரே குறட்டை விடும். உங்கள் தம்பி மட்டும் ஒரு வாரம் தூங்காமல் ஓடியிருக்கிறான், யாரையும் கேட்காமல் தென்காசியில் பணத்தைக் கொடுத்திருக்கிறான். அதற்குப் பெயர் ‘நன்றாக இருந்தான்’ என்றா? கடை ஓடியது, வீட்டில் எல்லாரும் மெச்சியிருப்பீர்கள். வியாபாரம் நடந்த வாரத்தை யார் நோய்க்கணக்கில் எழுதுவார்!

வகையைச் சொல்லப்போவதே அந்த வாரம்தான். மனம் அளவுமீறி எழும்பி, ஒரு வாரமாவது அப்படியே நின்று, தொழிலும் குடும்பமும் குலைகிற அளவுக்குப் போனால், அல்லது எத்தனை நாளானாலும் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்குப் போனால் முதல் வகை. நாலு நாளாவது நீடித்து, மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரிந்து, ஆனால் அவ்வளவு சேதமில்லாமல் அடங்கி, இரண்டு வாரத்துக்குக் குறையாத கடும் சோர்வும் வந்திருந்தால் இரண்டாம் வகை. இந்த அளவை எட்டாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் சைக்ளோதைமியாவும் உண்டு. தம்பிக்கு எது என்று நான் சொல்ல மாட்டேன். அவன் படுத்துக் கிடப்பதை மட்டும் கேட்ட டாக்டர் எப்படிச் சொல்வார்?

இரண்டாவது லேசு என்று யார் சொன்னது? எழும்பும் பக்கம்தான் மட்டு. விழும் பக்கம் மாதக்கணக்கில் இழுக்கும், தற்கொலை ஆபத்தும் குறைந்ததில்லை.

பைபோலார் உள்ளவருக்கு மன அழுத்த மாத்திரையை மட்டும் கொடுத்தால், சிலருக்கு மனம் மறுபடி மேலே எகிறிவிடும். அதனால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் நாளைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம். பைபோலாருக்குத் தரும் லித்தியம் மாத்திரையை எழுதிக் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு, கிட்னி, தைராய்டு எல்லாம் அவ்வப்போது பார்க்க வேண்டியிருக்கும். அங்கே செலவுக் கணக்குப் பார்க்காதீர்கள்.

எழும்பியிருக்கும்போது அது நோய் என்று அவனுக்கே தெரியாது. கூட இருந்தவர்தான் சொல்ல வேண்டும். தம்பியைத் தனியே உள்ளே அனுப்பிவிட்டு வராந்தாவில் செல்போன் பார்க்கிற அண்ணன்களை நிறையக் கண்டிருக்கிறேன். மூத்தவனுக்கு இந்த நேரத்தில் கடை இரண்டாவது வேலை, அண்ணாச்சி. ஷட்டரை இறக்கிவிட்டு, அவன் சம்மதத்தோடு கூடப் போய் உட்காருங்கள். அவன் தூக்கம், செலவு, பேச்சு எப்படி மாறியது, உங்கள் அப்பா வழியிலோ அம்மா வழியிலோ யாருக்காவது இப்படி இருந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

செத்துப்போகலாம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் அவனைத் தனியே விடாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

அப்புறம், தென்காசி அட்வான்ஸைப் பற்றி இப்போது அவனிடம் மூச்சு விடக் கூடாது. நீங்களே போய்ப் பேசி முடியுங்கள்.