சீரீன் கேட்ட பத்திரம்

அஸ்ஸலாமு அலைக்கும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகள், "மதுவைத் தடுத்த மார்க்கம், வட்டியைத் தடுத்த மார்க்கம், அடிமை வைத்திருப்பதை ஏன் தடுக்கவில்லை?" என்று கேட்டாள். படிப்படியாக ஒழித்தது என்றேன். "எப்போது ஒழிந்தது?" என்றாள். வாயடைத்துப்போனேன். வெள்ளைக்காரன் செய்ததைவிட நம்முடையது எவ்வளவோ மேல் என்று சொல்லிவிடலாமா?
ஒரு வாசகர், தெஹிவளை

வ அலைக்குமுஸ்ஸலாம்.

அப்படிச் சொல்லாதீர்கள். நான் இருப்பது கொழும்பு கொம்பனித் தெருவில். ஒல்லாந்தர் பகலில் வேலை வாங்கிய அடிமைகளை இரவில் கொண்டுவந்து அடைத்த இடம் இது. ஸ்லேவ் ஐலண்ட், அதாவது அடிமைத் தீவு, என்ற இதன் ஆங்கிலப் பேர் அப்படி வந்ததுதான். அவர்கள் செய்த கொடுமையைக் காட்டி நம் கணக்கைத் தீர்க்க முடியாது.

எப்போது ஒழிந்தது? இலங்கையில் 1844. துனீசியாவில் 1846. சவூதி அரேபியாவில் 1962, ஓமானில் 1970, மொரிட்டானியாவில் 1981. நபியவர்கள் மதீனாவுக்குப் போன ஹிஜ்ரத்திலிருந்து எண்ணினால் பதின்மூன்று நூற்றாண்டுக்கும் மேல். இதைப் படிப்படியாக என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடிமையை உரிமை விடுவது நன்மை, பாவத்துக்குப் பரிகாரம், ஸகாத் என்னும் கட்டாயத் தர்மத்தில் அதற்கொரு பங்கு உண்டு. இதெல்லாம் மகளுக்குத் தெரிந்திருக்கும். அவளுக்குக் குர்ஆனில் சூரா நூரின் 33ஆம் வசனத்தைக் காட்டுங்கள். உழைத்துப் பணம் கட்டி விடுதலை ஆகிறேன், பத்திரம் எழுதிக் கொடுங்கள் என்று அடிமை கேட்டால், அவரிடம் நன்மை இருப்பதை அறிந்தால் எழுதிக் கொடுங்கள், அல்லாஹ் உங்களுக்குத் தந்த பொருளிலிருந்து அவருக்கும் கொடுங்கள் என்கிறது அது.

சீரீன் என்பவர் அனஸ் (ரலி) அவர்களின் அடிமை. கனவு விளக்கம் என்றாலே நம் வீடுகளில் பேர் சொல்வார்களே, அந்த இப்னு சீரீனின் வாப்பா. அவர் பத்திரம் கேட்டார். அனஸ் மறுத்தார். நபியவர்களுக்குப் பத்து வருடம் பணிவிடை செய்தவர் அனஸ்; அவரே மறுத்தார். சீரீன் நேரே கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் போனார். எழுதிக் கொடு என்றார் உமர். அப்போதும் அனஸ் இணங்கவில்லை. உமர் சாட்டையால் அடித்து, இதே வசனத்தை ஓதினார். அனஸ் எழுதிக் கொடுத்தார். புகாரி ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறது.

உமருக்கு அது கட்டளை. ஆனால் பின்னால் வந்த சட்ட அறிஞர்களில் பெரும்பாலோர், நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபு என்ற சட்டப் பள்ளியும் சேர்த்து, அதை 'விரும்பத்தக்கது' என்றே வைத்தார்கள். கட்டாயம் என்றவர்களும் இருந்தார்கள், இப்னு ஹஸ்ம் போல. அவர்கள் சொல் எடுபடவில்லை. எடுபட்டிருந்தால் எத்தனை சீரீன்கள் தலை நிமிர்ந்து போயிருப்பார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அடிமைப் பெண்களின் நிலை இன்னும் மோசம். எஜமான் உறவு கொள்ள அவளுடைய சம்மதத்தை ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்டம் கேட்கவில்லை. 2014இல் ஈராக்கின் சிஞ்சாரில் யஸீதி என்ற சிறுபான்மை மதத்துப் பெண்களைப் பிடித்து விற்ற ஐ.எஸ். இயக்கத்தினர் அந்தப் பழைய சட்டத்தைத்தான் காட்டினார்கள். உலகெங்கும் 120க்கு மேற்பட்ட அறிஞர்கள் சேர்ந்து, அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவருவது ஹராம் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதையும் மகளிடம் சொல்லுங்கள்.

முதல் கேள்விக்கு, "ஆமாம், தடுக்கவில்லை" என்றே சொல்லுங்கள். அப்புறம் சீரீன் கதையைச் சொல்லுங்கள். அவளிடம் மேலும் கேள்வி இருந்தால், அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.