எந்த வயதில் எந்த இலக்கணம்? குழந்தை மொழி பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: மேடம், தமிழ் மாதிரி விகுதிகள் நிறைந்த மொழியைப் பிடிக்கக் குழந்தைக்கு அதிக நாள் ஆகுமா?

பதில்: பல நேரங்களில் நேர்மாறாகத்தான் நடக்கிறது. துருக்கி மொழியும் தமிழைப் போல ஒட்டு மேல் ஒட்டாகச் சேரும் மொழிதான். அதைக் கேட்டு வளரும் குழந்தைகள் இரண்டு வயதிலேயே வேற்றுமை உருபுகளை அநேகமாகப் பிழையின்றிப் பேசுகிறார்கள். 1982இல் ஸ்லோபின், பீவர் என்ற மொழி உளவியலாளர்கள் நான்கு மொழிக் குழந்தைகளிடம் சொல் வரிசையை மாற்றி மாற்றி வாக்கியங்களைச் சொல்லி, யார் யாரை என்ன செய்தார் என்று பொம்மைகளை வைத்து நடித்துக் காட்டச் சொன்னார்கள். துருக்கிக் குழந்தைகள் வரிசை எப்படி மாறினாலும் உருபைப் பிடித்துக்கொண்டு சரியாகச் செய்தார்கள். செர்போ-குரோவேசிய மொழியிலும் உருபு உண்டு. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு இன்னும் காலம் தேவைப்பட்டது. அங்கே உருபு பாலுக்கும் எண்ணுக்கும் தகுந்தபடி மாறும், சில பெயர்களில் வெளியே தெரியவே தெரியாது. துருக்கியிலோ ஒரு பொருளுக்கு ஒரு வடிவம், காதில் தெளிவாக விழும். எத்தனை விகுதி என்பதைவிட, எவ்வளவு ஒழுங்கு என்பதுதான் முக்கியம். தமிழ்க் குழந்தைகளைப் பற்றி ராகவேந்திராவும் லியோனார்டும் 1989இல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் நிற்கிறது: விகுதிகள் சீக்கிரம் வருகின்றன, பிழைகள் குறைவு.

அரபியின் பன்மை இதற்கு எதிர்முனை. பல பெயர்களுக்குப் பன்மை சொல்லின் உள்ளேயே உருமாறி வரும். பள்ளி வயதிலும் பிள்ளைகள் அதில் தடுமாறுகிறார்கள். அதனால் ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து மனதில் வையுங்கள்: ஆங்கிலக் குழந்தைகளுக்காகப் போட்ட வயது அட்டவணையை வைத்து உங்கள் குழந்தையை அளக்காதீர்கள்.

கேள்வி: என் மகள் 'நின்றேன்' என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது 'நில்லினேன்' என்கிறாள். பின்னோக்கிப் போகிறாளா?

பதில்: முன்னோக்கித்தான் போகிறாள். முதலில் கேட்டதை அப்படியே சொன்னாள், இப்போது விதியைக் கண்டுபிடித்துவிட்டாள். 1958இல் ஜீன் பெர்கோ இல்லாத ஒரு பிராணியைப் படம் வரைந்து 'வக்' என்று பெயர் சொல்லி, இரண்டு இருந்தால் என்ன என்று கேட்டார். யாரிடமும் கேட்டிராத அந்தச் சொல்லுக்குப் பிள்ளைகளே பன்மை போட்டார்கள். உங்கள் மகள் செய்வதும் அதுதான். திருத்த வேண்டாம், சரியான வடிவத்தை நீங்கள் பேச்சில் சொல்லிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: இரண்டு மொழி பேசினால் குழந்தை குழம்பாதா?

பதில்: குழம்பாது. இரண்டு இலக்கணத்தையும் சீக்கிரமே தனித்தனியாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒரே வாக்கியத்தில் கலப்பதும் இயல்புதான்.

கேள்வி: செயப்பாட்டு வினை கடினமானது, நாலைந்து வயதுக்கு மேல்தான் வரும் என்று படித்தேனே?

பதில்: அது ஆங்கிலத்தில். ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் பேசப்படும் செசோத்தோ மொழியில் மூன்று வயதுக்கு முன்பே வந்துவிடுகிறது என்று மொழியியலாளர் கேத்தரின் டெமுத் காட்டினார். அந்த மொழியில் 'யார் சமைத்தார்' என்று எழுவாய் இடத்தில் 'யார்' போட்டுக் கேட்க முடியாது. 'யாரால் சமைக்கப்பட்டது' என்றுதான் கேட்க வேண்டும். தினமும் காதில் விழுவதைக் குழந்தை பிடித்துக்கொள்கிறது. கனடாவின் பழங்குடி மொழியான இனுக்டிடுட்டிலும் இப்படித்தான். மறுபடியும் சொல்கிறேன், அட்டவணையை நம்பாதீர்கள்.

கேள்வி: அப்படியென்றால் எல்லாம் கேட்டுப் பழகுவதுதானே? இலக்கணத்தின் அடிப்படை குழந்தைக்குப் பிறவியிலேயே இருக்கிறது என்று மொழியியலாளர் சாம்ஸ்கி சொன்னது பொய் என்று ஆகிறதே?

பதில்: அவசரப்படாதீர்கள். கன்னடத்தில் ஒரு வினையைப் பிறரைச் செய்ய வைக்கும் வினையாக மாற்ற ஒரு விகுதி உண்டு, நம்பகமான அடையாளம். ஆய்வாளர்கள் லிட்ஸ், ஹென்றி கிளெய்ட்மேன், லிலா கிளெய்ட்மேன் மூவரும் 2003இல் மூன்று வயதுப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். விகுதி இருக்கிறதா என்பதைப் பிள்ளைகள் பொருட்படுத்தவில்லை. எத்தனை பெயர்ச்சொல் வருகிறது என்பதை வைத்தே பொருள் கொண்டார்கள்: இரண்டு பெயர் வந்தால் ஒருவர் மற்றவரைச் செய்ய வைப்பதாக எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்கள் இரண்டையும் கவனித்தார்கள். கேட்பது மட்டுமே வழிகாட்டி என்றால், பிள்ளைகள் அந்த விகுதியை அல்லவா பிடித்திருக்க வேண்டும்?

கேள்வி (வேறொருவர்): மன்னிக்கவும் மேடம், இதில் நான் மாறுபடுகிறேன். பெயர்ச்சொல் எண்ணிக்கையையும் அவர்கள் மூன்று வருடம் கேட்டுத்தானே கற்றிருப்பார்கள்? உளவியலாளர் டொமசெல்லோ அப்படித்தானே சொல்கிறார்?

பதில்: நல்ல மறுப்பு. ஒவ்வொரு வினையாகத் தனித்தனியே கற்றுப் பிறகுதான் பொதுமைப்படுத்துகிறார்கள் என்பது டொமசெல்லோவின் வாதம். ஆரம்பப் பேச்சுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: காதில் விழுவதில் விகுதியும் இருக்கிறது, பெயர்களும் இருக்கின்றன. இரண்டில் எதை முதலில் நம்புவது என்று முடிவு செய்வது எது? அங்கே குழந்தை தன் பங்குக்கு ஏதோ கொண்டு வருகிறது என்பதே என் நிலைப்பாடு. எப்போது வரும் என்பதை மொழி தீர்மானிக்கிறது, எதைத் தேடுவது என்பதைக் குழந்தை தீர்மானிக்கிறது.

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது, இன்னும் வாக்கியமே பேசவில்லை...

பதில்: இதே கேள்வி பலரிடமிருந்து வந்திருக்கிறது, எல்லோருக்கும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டு வயது முடிந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் முதலில் கேட்புச் சோதனை, அப்புறம் பேச்சுப் பயிற்சியாளர். நான் எழுத்தில் பார்த்துச் சொல்லும் விஷயம் இல்லை இது.

கேள்வி: இரண்டு மொழியால் குழப்பம்...

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: காணொளி காட்டினால் மொழி சீக்கிரம் வருமா?

பதில்: 2003இல் ஆய்வாளர் பாட்ரிசியா கூல், ஆங்கிலம் கேட்டு வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மாண்டரின் சீன மொழியைக் கேட்கச் செய்தார். நேரில் பேசியவரிடம் கேட்டவர்கள் அதன் ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள், திரையில் கேட்டவர்கள் அறியவில்லை. பேசுங்கள்.

கேள்வி: கேட்கவே முடியாத பிள்ளைகளுக்கு இலக்கணம் எங்கிருந்து வரும்?

பதில்: இன்றைக்கு வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நிகராகுவாவில் 1970களின் இறுதியில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியபோது, அவர்களுக்குப் பொதுவான மொழியே இல்லை. வீட்டுச் சைகைகளை வைத்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அடுத்தடுத்து வந்த சின்னப் பிள்ளைகள் அதை எடுத்து, யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பதைக் கைகளை அசைக்கும் இடத்தை வைத்தே காட்டும் ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். மூத்தவர்களின் சைகையில் அந்த ஒழுங்கு இந்த அளவுக்கு இல்லை என்று ஆய்வாளர் ஆன் செங்காஸ் காட்டியிருக்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்களே செய்தார்கள்.