மளிகை இருப்பும் வாரச் செலவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சேமித்து வைத்திருந்த அரிசி, பருப்பு, மாவை வைத்தே சமைக்கத் தொடங்கினோம். முதல் மூன்று வாரம் கடைச் செலவு பாதியாகக் குறைந்தது. நாலாவது வாரம் எல்லாம் ஒரே நேரத்தில் தீர்ந்துபோய், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு செலவாகிவிட்டது. எங்கே பிசகினோம்?

பதில்: கடை ரசீதை மட்டும் பார்த்ததுதான் பிசகு. அந்த வாரம் என்ன வாங்கினீர்கள் என்பதைத்தான் ரசீது சொல்லும். என்ன சாப்பிட்டீர்கள் என்று அதற்குத் தெரியாது. முதல் மூன்று வாரமும் நீங்கள் எப்போதோ பணம் கொடுத்து வாங்கிய சரக்கைத்தான் சாப்பிட்டிருக்கிறீர்கள். அந்தச் செலவு மறையவில்லை, நாலாவது வாரத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

இதைச் சரிசெய்ய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வார முடிவில் டப்பாக்களில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று எழுதுங்கள். அரிசி 4 கிலோ, பருப்பும் பயறுமாக ஒன்றரைக் கிலோ, எண்ணெய் முக்கால் லிட்டர் என்ற அளவுக்கு எழுதினால் போதும், கிராம் கணக்கு வேண்டாம். அவற்றை இன்று திரும்ப வாங்கினால் என்ன விலையோ அதை அந்த வாரத்துப் புதுக் காய், பழம், பால் செலவோடு கூட்டுங்கள். அதுதான் அந்த வாரத்தின் உண்மையான சாப்பாட்டுச் செலவு. இந்த எண் குறைந்தால்தான் சிக்கனம். ரசீது குறைந்து இந்த எண் அப்படியே இருந்தால், இருப்பு கரைகிறது என்று அர்த்தம்.

அடுத்து, வாரப் பணத்தை முன்கூட்டியே பிரித்து வையுங்கள். 100 பங்கில் 55 பங்கு அந்த வாரமே தீரும் புதுப்பொருளுக்கு, 30 பங்கு இருப்பை நிரப்ப, 15 பங்கு விலை இறங்கும்போது வாங்க என்று தொடங்கலாம். இரண்டு மாதம் எழுதிப் பார்த்தால் உங்கள் வீட்டுக்கு எந்த விகிதம் சரி என்று தெரிந்துவிடும். முக்கியமானது, நிரப்பும் பங்கு ஒரு வாரம் செலவாகாமல் நின்றால் அதைக் கைச்செலவுக்கு எடுக்கக்கூடாது. தனி உறையிலேயே கிடக்கட்டும். நாலாவது வாரத்து அடியைத் தாங்குவது அந்த உறைதான்.

எல்லாம் ஒன்றாகத் தீராமல் இருக்கவும் வழி இருக்கிறது. ஒரு டப்பா 8 வாரத்துக்குக் காணும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் வெளிப்பக்கத்தில் பாதியில் ஒரு கோடும், கால் பங்கில் ஒரு கோடும் போடுங்கள். சரக்கு பாதிக் கோட்டைத் தொட்டதும் பெயரைப் பட்டியலில் ஏற்றுங்கள். அப்போதிலிருந்து விலை இறங்கும் சமயம் பார்த்து வாங்கலாம். கால் கோட்டைத் தொட்டால் இன்னும் இரண்டு வாரத்துக்குத்தான் இருக்கிறது, விலை பார்க்காமல் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு டப்பாவும் வேறு வேறு வாரத்தில் கோட்டைத் தொடும் என்பதால் சுமை தானாகவே பரவிவிடும்.

சமையல் திட்டத்தையும் அலமாரிக்கு முன்னால் நின்றுதான் எழுத வேண்டும். மிகப் பழைய பொருள் மூன்றைப் பொறுக்கி, அந்த வாரத்துச் சமையலை அவற்றைச் சுற்றி அமையுங்கள். பழைய பொருள் ஒன்றைத் தீர்க்கப் புதிதாக ஒன்றிரண்டு பொருளுக்கு மேல் வாங்க வேண்டியிருந்தால் அந்தச் சமையலையே விட்டுவிடுங்கள். கிண்ணம் கடலையைத் தீர்க்க ஆறு புதுப்பொருள் வாங்கி, அவற்றில் நாலு பாதிப் பாதியாக அலமாரிக்குள் போய் உட்கார்வதுதான் பல வீடுகளில் பணம் கசியும் இடம்.

கேள்வி: தள்ளுபடியில் மொத்தமாக வாங்கும்போது எவ்வளவு வாங்குவது?

பதில்: மூன்று எண்கள் தெரிய வேண்டும். வாரத்துக்கு எவ்வளவு செலவாகிறது, அந்தப் பொருளுக்கு எத்தனை வாரத்துக்கு ஒருமுறை விலை இறங்குகிறது, எத்தனை வாரம் கெடாமல் இருக்கும். பின்னிரண்டில் எது சிறியதோ அதை வாரச் செலவால் பெருக்குங்கள். தவிடு நீக்காத கோதுமை மாவு வாரம் 1 கிலோ ஆகிறது, 10 வாரத்துக்கு ஒருமுறை விலை இறங்குகிறது, உங்கள் வீட்டுச் சூட்டில் 8 வாரம்தான் தாங்கும் என்றால் 8 கிலோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நூற்றுக்குப் பத்து தள்ளுபடியில் வாங்கி, பத்தில் ஒரு பங்கைக் குப்பையில் போட்டால் லாபம் பூஜ்யம்.

விலையைப் பாக்கெட்டுக்கு எவ்வளவு என்று ஒப்பிடாமல், வெந்த எடைக்கு எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். 1 கிலோ காய்ந்த கொண்டைக்கடலை வெந்தால் ஏறக்குறைய இரண்டே கால் கிலோ. 400 கிராம் டின்னில் நீரை வடித்தால் சுமார் 240 கிராம் கடலைதான் இருக்கும். ஆக, ஒரு கிலோ காய்ந்த கடலைக்கு ஒன்பது டின் சமம். இதில் எரிபொருள் செலவைக் கூட்டினாலும் பெரும்பாலும் காய்ந்த கடலைதான் மலிவாக நிற்கும்.

கேள்வி: ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் பிரஷர் குக்கரில் எத்தனை முறை வைத்தாலும் நடுவில் கல் மாதிரி நிற்கிறது. தூக்கிப் போட மனசில்லை.

பதில்: போட வேண்டாம், பெரும்பாலும் மீட்டுவிடலாம். பயறின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. வேகும்போது அது கரைந்தால்தான் பயறு மலரும். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் வைத்தால், பயறுக்குள் கட்டுண்டிருக்கும் கால்சியமும் மக்னீசியமும் விடுபட்டு அந்தப் பசையை இறுக்கிவிடுகின்றன. அதனால்தான் எவ்வளவு நேரம் கொதித்தாலும் நடுவில் இளகுவதில்லை. தண்ணீர் கால்சியம் மிகுந்த கடின நீராக இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

எனவே ஊறவைக்கும்போதே கை வைக்க வேண்டும். 1 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி சமையல் உப்பைக் கரைத்து, பயறை 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். உப்பிலுள்ள சோடியம், தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து இறுக்கத்தைத் தளர்த்தும். ‘உப்புப் போட்டால் வேகாது’ என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், ஊறவைக்கும் நீரில் உப்பு நேர்மாறாகத்தான் வேலை செய்கிறது. பிறகு அந்த நீரைக் கொட்டி, அலசி, புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வடிகட்டிய குடிநீராக இருந்தால் இன்னும் நல்லது.

அப்படியும் மசியாவிட்டால், அரைக் கிலோ பயறுக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா போட்டு வேகவையுங்கள். அதற்கு மேல் வேண்டாம். சோப்பு வாடை அடிக்கும், தோல் கூழாகும், பி1 வைட்டமினும் அழியும். தக்காளி, எலுமிச்சை போன்ற எந்தப் புளிப்பையும் பயறு முழுவதும் வெந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பு பெக்டினைக் கரையவிடாது, பாதி வெந்த பயறு அங்கேயே நின்றுவிடும்.

குக்கரில் பயறும் தண்ணீருமாகப் பாதிக்கு மேல் போகக்கூடாது. நுரை ஏறி ஆவித்துளையை அடைக்கும். ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

ராஜ்மாவுக்குத் தனி எச்சரிக்கை. பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப்புரதம் அதிகம். 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, தளதளவென்று கொதிக்கும் நீரில் குறைந்தது 10 நிமிடம், பத்திரத்துக்கு 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். குக்கரில் முழுதாக வேகவைத்தால் பயமில்லை. மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பானையில் பச்சையாகப் போடவே கூடாது. கொதிநிலையை எட்டாத சூட்டில் அந்த நச்சு அழியாது, அரைவேக்காட்டு ராஜ்மா சில மணி நேரத்தில் கடும் வாந்தியை உண்டாக்கும்.

இருட்டான, குளுமையான இடத்தில் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இந்த இறுக்கம் வெகுவாகத் தள்ளிப்போகும். அடுப்புக்கு மேல் அலமாரிதான் பயறு வைக்க மிக மோசமான இடம்.

கேள்வி: அரிசியிலும் மாவிலும் வண்டு. மொத்தத்தையும் கொட்டிவிடுவதா?

பதில்: அரிசியைக் காப்பாற்றலாம். அரிசி வண்டு மணிக்குள் துளைபோட்டு முட்டையிடும். அதனால் கடையிலிருந்து வரும்போதே முட்டை உள்ளே இருக்கக்கூடும், மூடி எவ்வளவு இறுக்கமானாலும் பயனில்லை. வாங்கியதும் ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் சாகும். பெரிய பையின் நடுப்பகுதி குளிரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால் ஒன்றிரண்டு கிலோ பொட்டலங்களாகப் பிரித்து வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரித்துவிடாதீர்கள். பொட்டலம் அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே இருக்கட்டும். குளிர்ந்த அரிசி மீது காற்றின் ஈரம் படிந்தால் பூஞ்சை பிடிக்கும். வெயிலில் பரப்பினால் நடமாடும் வண்டு ஓடிவிடும், மணிக்குள் இருக்கும் முட்டை சாகும் என்று நம்ப முடியாது.

வண்டு விழுந்த அரிசியைப் புடைத்து, சலித்து, கழுவும்போது மிதப்பதை நீக்கினால் சமைக்கலாம். பயறின் மேல் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை வண்டு முட்டைகள். உடனே ஃப்ரீசருக்குப் போகட்டும். மாவு வேறு கதை. செவ்வண்டுகள் பெருகிய மாவில் ஒரு நெடி ஏறி, நிறமும் லேசாகச் சிவந்துவிடும். அதைச் சலித்துப் பயனில்லை, கொட்டிவிடுங்கள். பூஞ்சை பிடித்த தானியம், கடலை எதுவானாலும் அப்படித்தான். பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் போகாது.

பழைய அரிசியின் மேல் புது அரிசியைக் கொட்டும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அடியிலுள்ளது வருடக்கணக்கில் அடியிலேயே கிடந்து, வண்டுக்குப் பண்ணையாகிவிடும்.

கேள்வி: தேதி கடந்த டின்களை என்ன செய்வது?

பதில்: ‘இந்தத் தேதிக்குள் உண்பது சிறந்தது’ என்பது சுவைக்கான தேதி. கடந்துவிட்டாலும் டின் நன்றாக இருந்தால் சாப்பிடலாம். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்புக்கான தேதி, அதை மீறக்கூடாது. தக்காளி, பழம் போன்ற புளிப்புள்ள டின்கள் ஒன்று, ஒன்றரை வருடத்தில் சுவை குன்றும். பயறு, இறைச்சி, மீன் போன்றவை 2 முதல் 5 வருடம் நிற்கும். உப்பிய டின், கசியும் டின், விளிம்பு மடிப்பில் நசுங்கிய டின், திறக்கும்போது பீய்ச்சியடிக்கும் டின் எதையும் ருசி பார்க்காதீர்கள். பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கொடிய நச்சு மணத்திலும் சுவையிலும் தெரியாது.

கேள்வி: இருப்பில் உள்ளதை மட்டுமே சாப்பிட்டால் சத்துக் குறையுமா? புதிதாக வாங்கச் சிறு தொகைதான் இருக்கிறது.

பதில்: வயிற்றுக்குக் குறையாது. ஒருவருக்கு நாளுக்கு 400 கிராம் தானியம் சுமார் 1400 கலோரி, 60 கிராம் பருப்பு 200, 30 கிராம் எண்ணெய் 270. கூட்டினால் 1900க்கு அருகில் வந்துவிடும். ஆனால் இந்தப் பட்டியலில் வைட்டமின் சி கிட்டத்தட்ட இல்லை, ஏ மிகக் குறைவு, கால்சியம் போதாது, பி12 அறவே இல்லை. ஆகவே கையிலுள்ள சிறு தொகையை இவற்றுக்கென்றே ஒதுக்குங்கள்: கீரை, விலை குறைந்த பருவப் பழம், முட்டைக்கோஸ், கேரட், பால் அல்லது முட்டை. முட்டைக்கோஸும் கேரட்டும் ஃப்ரிட்ஜில் சில வாரம் தாங்கும் என்பதால் சிறிய பணத்துக்கு ஏற்றவை. உறைய வைத்த பட்டாணியும் காய்கறியும் சத்தில் புதுக்காய்க்குப் பெரிதும் பின்தங்கியவை அல்ல. பயறை முளைகட்டினால் கொஞ்சம் வைட்டமின் சி கிடைக்கும், ஆனால் பழத்துக்கு அது ஈடாகாது. முளையை லேசாக வேகவைத்தே சாப்பிடுங்கள், ஈரச் சூட்டில் கிருமியும் சேர்ந்து வளரும்.

கேள்வி: தினமும் பயறு ஊறவைத்து வேகவைக்க நேரமில்லை. மொத்தமாகச் சமைத்து ஃப்ரீசரில் வைக்கலாமா?

பதில்: தாராளமாக. 1 கிலோவை ஒரே தடவை வேகவைத்து, ஆறியதும் 250 கிராம் அளவில் பைகளில் போட்டு, வெந்த நீரைப் பயறு மூழ்கும் மட்டுக்கு ஊற்றுங்கள். நீரில்லாமல் உறைந்தால் தோல் காய்ந்து வெடிக்கும். பையை இரண்டு சென்டிமீட்டர் தடிப்புக்குத் தட்டையாக்கி வைத்தால் விரைவில் உறையும், அவசரத்துக்கு உடைத்தும் எடுக்கலாம். தேதி எழுதி மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

சோற்றில் மட்டும் அவசரம் வேண்டும். அரிசியிலுள்ள ஒரு கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. சோறு வெளியில் மணிக்கணக்காகக் கிடந்தால் அது முளைத்து நச்சை உண்டாக்கும், அந்த நச்சு திரும்பச் சுடவைத்தாலும் போகாது. அகலத் தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃப்ரிட்ஜிலோ ஃப்ரீசரிலோ வையுங்கள்.

மின்சாரம் போனால் ஃப்ரீசரைத் திறக்காதீர்கள். நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி நிறைந்திருந்தால் 24 மணி நேரம் குளிர் நிற்கும். மின்சாரம் வந்தபின் பைக்குள் பனித்துகள் இன்னும் இருந்தால் மறுபடி உறையவிடலாம். பயறு சற்றுக் குழையும், அவ்வளவுதான். முழுதாக இளகி இரண்டு மணி நேரத்துக்கு மேல் அறைச் சூட்டில் இருந்திருந்தால் கொட்டிவிடுங்கள்.