டப்பாவுக்குள் ஒரு ரூபாய்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய நாணயம் பற்றியவை. ஒரேயடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருபவர்களுக்கு: என்ஜிசி, பிசிஜிஎஸ் என்பவை நாணயத்தைச் சோதித்து மதிப்பெண் (கிரேடு) தரும் நிறுவனங்கள். அப்படிச் சோதித்த நாணயத்தைப் போட்டு மூடி, லேபிள் ஒட்டித் தரும் பிளாஸ்டிக் டப்பாதான் ஸ்லாப்.

கேள்வி: 1939-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ஒரு ரூபாய். என்ஜிசி ஸ்லாபில் இருக்கிறது, கிரேடு எக்ஸ்எஃப் 45. ஒன்றே முக்கால் லட்சம் கேட்கிறார். படம் மட்டும் வாட்ஸ்அப்பில் வந்தது. "நாளைக்கு வேற பார்ட்டி வர்றாங்க" என்கிறார். வாங்கலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

அந்தப் பார்ட்டி வரட்டும். நீங்கள் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாணயம் ஆசைப்படத்தக்கதுதான். 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி ரூபாய் 1939. அடுத்த ஆண்டே வெள்ளியைப் பாதியாக்கிவிட்டார்கள். 39 அரிது, 38 சாதாரணம். அதனால் 8-ஐச் சுரண்டி 9 ஆக்கியவையும் சந்தையில் சுற்றுகின்றன. அந்தப் பயத்துக்குத்தான் கிரேடிங். அது இரண்டு விஷயம் சொல்லும்: நாணயம் அசலா, எவ்வளவு தேய்ந்திருக்கிறது. 70 வரை போகும் அளவுகோலில் 60 முதல் மேலே என்றால் புழக்கத்துக்கே போகாதது, லேபிளில் எம்எஸ் என்று போடுவார்கள். எக்ஸ்எஃப் 45 என்றால் கிரீடத்திலும் காதுக்கு மேலுள்ள முடியிலும் லேசாகத் தேய்ந்தது. விலை நியாயமா என்பதை எந்த ஸ்லாபும் சொல்லாது.

முதலில் லேபிளில் உள்ள எண்ணை என்ஜிசி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அசல் ஸ்லாபின் எண்ணைத் திருடி போலி டப்பா செய்கிறார்கள். தளத்தில் நாணயத்தின் படம் இருந்தால் அதையும் உங்கள் படத்தையும் பக்கத்தில் வைத்துக் கீறல், கறை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அப்புறம் இதே ஆண்டு, இதே கிரேடு ஏலங்களில் எவ்வளவுக்குப் போயிருக்கிறது என்று நான்கைந்து முடிவுகளைத் தேடுங்கள். விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். கடைசியாக, ஸ்லாபை நேரில் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: 1947 ரூபாய், பின்பக்கம் புலி. வெள்ளி என்று 2,500 கொடுத்து வாங்கினேன். காந்தத்தில் ஒட்டுகிறதே? (சேலம்)

ஒட்டத்தான் செய்யும், அது நிக்கல். காந்தத்தைக் கடைக்குப் போகும்போது எடுத்துப் போயிருக்க வேண்டும்.

கேள்வி: ஸ்லாபில் எம்எஸ் 66 என்று இருக்கிறது. கிரேடிங் நிறுவனத்தின் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. "பிசிஜிஎஸ், என்ஜிசி எல்லாம் அமெரிக்கக் கம்பெனி, அதான் விலை ஜாஸ்தி. இதுவும் அதே தரம்" என்கிறார் கடைக்காரர். பாதி விலை. (தஞ்சாவூர்)

இதே வசனத்தை எனக்கும் ஒருவர் சொன்னார், நானும் தலையாட்டினேன். ஒரு கண்காட்சியில் விக்டோரியா ரூபாய், கண்ணாடி மாதிரி டப்பா, ஹாலோகிராம், எம்எஸ் 65. வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்தால் லேபிளில் பொடி எழுத்தில் இருந்த போன் நம்பரும் விற்றவர் கொடுத்த விசிட்டிங் கார்டின் நம்பரும் ஒன்று. அவரே கிரேடர், அவரே கடை. பிளாஸ்டிக் டப்பாவையும் பிரிண்டரையும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். நாணயத்தை ஸ்லாபில்லாத விலைக்குத் தந்தால் யோசியுங்கள், 66 என்ற எண்ணுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

கேள்வி: பிசிஜிஎஸ் ஸ்லாப், பிரூஃப் 64, விக்டோரியா ரூபாய். பெரிய தொகை கொடுத்தேன். இப்போது நண்பர் "ரீஸ்டிரைக்" என்கிறார். ஏமாற்றிவிட்டார்கள் அல்லவா? (சென்னை)

நீங்கள் அனுப்பிய படத்தில் லேபிளின் இரண்டாவது வரியிலேயே அந்தச் சொல் இருக்கிறதே ஐயா. பிரூஃப் என்றால் புழக்கத்துக்காக அல்லாமல் தனிக் கவனத்தோடு அடித்தது. ரீஸ்டிரைக் என்றால் சேகரிப்பாளர்களுக்காக நாணயச்சாலையே பின்னாளில் மறுபடி அடித்துக் கொடுத்தது. போலி அல்ல, ஆனால் அந்தக் காலத்தில் அடித்ததன் விலை இதற்கு வராது. 64 வரை படித்தவர் இன்னும் ஒரு சொல் படித்திருக்கலாம். இதில் யார் மேல் புகார் கொடுப்பது?

கேள்வி: வாங்கிய ஸ்லாபின் எண்ணைத் தளத்தில் போட்டால் வேறு நாணயத்தின் படம் வருகிறது. விற்றவர் "ரிட்டர்ன் கிடையாது" என்கிறார். (மதுரை)

உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, விடாதீர்கள். பில், பணம் அனுப்பிய விவரம், அவரோடு பேசிய சாட், தளத்தில் வரும் படம் எல்லாவற்றையும் சேமியுங்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். "ரிட்டர்ன் கிடையாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் போலியை விற்க உரிமை வந்துவிடாது.

கேள்வி: தாத்தா பெட்டியில் 1911 "பன்றி ரூபாய்" கிடைத்தது. கறுத்துப்போயிருக்கிறது. கிரேடிங்குக்குக் கொடுக்கும் முன் பளபளப்பாக்கிவிடலாமா? (காரைக்குடி)

தொடாதீர்கள்! எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

மற்ற வாசகர்களுக்காக: ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் ஒரு யானை உருவம் உண்டு. 1911-இல் தும்பிக்கை குட்டையாக அமைந்து பன்றி மாதிரி தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அரசு நாணயத்தைத் திரும்பப் பெற்று, 1912-இல் தும்பிக்கையைத் திருத்தி அடித்தது. உங்கள் தாத்தா ஒன்றைக் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார். நூறு வருடம் கழித்து அதற்குப் பேரன் கையால் சாவு வர வேண்டாம்.

புது நாணயத்தை விளக்கு வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள், ஒளி சக்கரம்போல் சுற்றும். அச்சு அழுத்தும்போது உலோகம் ஓடிய நுண்வரிகளால் வரும் ஒளி அது. விபூதி போட்டோ பற்பசை போட்டோ தேய்த்தால் முதலில் போவது அந்த வரிகள்தான். லென்ஸில் பார்த்தால் சீப்பால் வாரிய மாதிரி பொடிக் கீறல்கள் தெரியும். கிரேடர்கள் அதற்கு எண்ணே தர மாட்டார்கள், "டீட்டெயில்ஸ், கிளீன்ட்" என்று எழுதி அனுப்புவார்கள். விலை பாதிக்கும் கீழே விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேயுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? நம் வீடுகளில் பழைய நாணயம் கிடைத்தால் முதல் வேலையே தேய்ப்பதுதான். அந்தக் கறுப்பு நூறு வருடமாகச் சேர்ந்தது, அழுக்கு அல்ல. விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், பிவிசி இல்லாத உறையில் போடுங்கள். போதும்.

கேள்வி: வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு 8 லட்சம் தருவதாக போன் வந்தது. ரிசர்வ் வங்கி முத்திரையோடு கடிதமும் வந்தது. பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி என்று மூன்று தவணையில் 23,400 அனுப்பிவிட்டேன். மகனிடம் சொல்லவில்லை. (ஓய்வுபெற்ற ஆசிரியை, திருநெல்வேலி)

அம்மா, இதைப் படித்ததும் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க வாய்ப்புண்டு. நான்காவது தவணை கேட்பார்கள், கொடுக்காதீர்கள். பழைய நாணயம் வாங்கி விற்பது எங்கள் வேலை இல்லை, அதற்கு யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021-லேயே அறிவித்தது. உங்களுடையது 2012 நாணயம், கடையில் கொடுத்தால் 5 ரூபாய்க்குச் சாமான் தருவார்கள். வெட்கப்பட வேண்டியவன் போன் செய்தவன். மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், புகார் கொடுக்க ஒரு துணை வேண்டும்.

கேள்வி: 1835 ரூபாயை அமெரிக்காவில் இருக்கும் தம்பியிடம் கொடுத்தனுப்பி அங்கே கிரேடிங் செய்யலாமா? (திருச்சி)

கூடாது. நூறாண்டு கடந்த நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள், தனியார் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம்.

கேள்வி: ஸ்லாபை உடைத்து நாணயத்தைக் கையில் வைத்துப் பார்க்க ஆசை. உடைத்தால் என்ன ஆகும்? (புதுச்சேரி)

நிறுவனத்தின் உத்தரவாதம் போய்விடும், திரும்பக் கிரேடு வாங்கக் காசு செலவழிக்க வேண்டும். நல்ல ஸ்லாபை உடைக்காதீர்கள். நான் ஒன்றை உடைத்திருக்கிறேன், மேலே சொன்ன என் எம்எஸ் 65. சுத்தியலால் ஒரே தட்டு. விளிம்பில், ராணியின் தலைக்கு நேர் மேலே, கொக்கி வைத்துப் பற்றவைத்த தடம். ராவி மழுப்பியிருந்தார்கள். யாரோ கழுத்தில் போட்டிருந்த காசு. டப்பாவின் வெள்ளை வளையம் சரியாக அந்த இடத்தை மறைத்திருந்தது.