நாய்க்குட்டி வருவதற்கு முன் பொடக்காலியைப் பாருங்கள்

அவிநாசிப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "ஞாயிற்றுக்கிழமை லாப்ரடார் குட்டி எடுத்து வருகிறோம், 35 நாள் குட்டி. படுக்கை, கூண்டு, ஷாம்பு, பால் பவுடர், சங்கிலி என்று கடையில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், கூட்டினால் எட்டாயிரத்தைத் தாண்டுகிறது. எல்லாம் வேணுங்களா? நாலு மாசம் முன்னால் இருந்த குட்டி வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக மூணே நாளில் போய்விட்டது, அதனால் இந்த முறை எதிலும் குறை வைக்க வேண்டாம் என்கிறார் அம்மிச்சி."

பட்டியலை அப்புறம் பார்ப்போம். கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, அதுதான் விஷயம். அந்த அறிகுறிகளைக் கேட்டால் எந்தக் கால்நடை மருத்துவரும் முதலில் சந்தேகப்படுவது பார்வோ வைரஸைத்தான். குட்டி போனாலும் கிருமி உங்கள் வீட்டில்தான் இருக்கும். நிழலும் ஈரமுமான மண்ணில் ஒரு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கும். பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டோமே என்பீர்கள், பார்வோ பினாயிலுக்கு மசியாது. ப்ளீச்தான் கேட்கும்.

முதலில் சோப்புத் தண்ணீர் விட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள், அழுக்கின் மேல் ஊற்றினால் ப்ளீச்சின் வேகம் அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும். பிறகு கடையில் விற்கும் திரவ ப்ளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஈரம் காயாமல் விட்டு அலசுங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். திண்ணை, ஆசாரம், கட்டிப்போட்ட இடம், பழைய எவர்சில்வர் வட்டல் எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான்; அது படுத்த சாக்கை எரித்துவிடுங்கள். வீட்டின் பின்புறம் இருக்கும் பொடக்காலி மண்ணை ப்ளீச் ஊற்றிச் சரிசெய்ய முடியாது. செடிகொடியைக் கழித்துவிட்டு வெயில் விழ வையுங்கள், தடுப்பூசி எல்லாம் முடியும்வரை புதுக்குட்டியின் கால் அங்கே படவே கூடாது. மூத்திரத்துக்கு மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும்.

"ஒரு ஊசி போட்டாச்சுங்க" என்று விற்பவர் சொல்வதை நம்பி அசந்துவிடாதீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை அது ஊசியை வேலை செய்ய விடாது, எந்தக் குட்டிக்கு அது எப்போது தீரும் என்று சொல்ல முடியாது, அதனால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே வந்து, கடைசி ஊசியை 16 வாரம் ஆனபிறகு போடுகிறோம். வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாதத்தில்.

அப்புறம் இந்த 35 நாள் கணக்கு. 56 நாளாவது தாயோடு இருக்க வேண்டும். கூடப்பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும், கடியை அளந்து கடிக்கக் குட்டி கற்றுக்கொள்வது அப்படித்தான். முன்பணம் கொடுத்துவிட்டு மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள், வீட்டைக் கழுவவும் அந்த நாள் உங்களுக்குத் தேவை.

சரி, பட்டியல். பால் பவுடர் வேண்டாம், எட்டு வாரக் குட்டி தீனி தின்னும். பசும்பாலும் வேண்டாம், பல குட்டிகளுக்குக் கழிந்துவிடும். விற்பவரிடம் இருந்தபோது என்ன தின்றதோ அதையே நாளைக்கு நாலு வேளையாகக் கொடுங்கள், மாற்றுவதானால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். சங்கிலிக்குப் பதில் லேசான துணிப்பட்டை போதும். ஷாம்புக்கு இப்போது அவசரமில்லை.

படுக்கைக்கு நம்ம பக்கம் பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சும் துணியை, பனியன் வேஸ்ட்டை, அள்ளிப் போடுவார்கள். போடாதீர்கள். ஒரு குட்டியின் வயிற்றைத் திறந்து ஒரு முழம் நீளத்துக்கு அந்தத் துணியை எடுத்திருக்கிறேன்: ஒரு முனை இரைப்பையில் சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் உள்ளே இழுக்க, நாடாவை இழுத்த பாவாடை மாதிரி குடல் முழுக்கச் சுருக்கம் விழுந்திருந்தது. நல்ல அட்டைப்பெட்டியில் பழைய துண்டை மடித்துப் போட்டால் போதும். தரை வழுக்கும் டைல்ஸ் என்றால் குட்டிக்குப் பின்னங்கால் அகண்டு அகண்டு போகும், அதற்குப் பவானி ஜமுக்காளம் விரியுங்கள். ஓரத்தில் நூல் தொங்கினால் மடித்துத் தைத்துவிட்டு.

எலிப்பசை, அந்துருண்டை, அம்மிச்சியின் மாத்திரை டப்பா எல்லாம் மேலே ஏற வேண்டும். வாசலில் அரளி இருந்தால் உதிர்ந்த இலையைக்கூட விட்டுவைக்காதீர்கள்.

முதல் இரண்டு மூன்று ராத்திரி கத்தும். தாயோடு கிடந்த துணி ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து பெட்டிக்குள் போடுங்கள், பெட்டியை அம்மிச்சியின் கட்டிலை ஒட்டி வையுங்கள்; அவர் கையைக் கீழே தொங்கவிட்டால் குட்டி அதை மோந்துகொண்டே தூங்கிவிடும்.